வங்கப் பஞ்சமும் படையினரும்

தாது வருடப் பஞ்சத்தைத் தமிழ் மக்கள் இன்னும் மறந்திலர். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய அப்பஞ்சத்தில் இலட்சோப இலட்சம் மக்கள் மாண்டனர். உயிர் தப்பியோருட் பலர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நாடிக் கடல் கடந்தனர். அப்பேரழிவின் பின்னர், 1880ஆம் ஆண்டளவில், ஆங்கில அரசினர் ஆணைக்குழு ஒன்றை அமைத்து ஆராய்ந்து, பஞ்ச நிவாரணச் சட்டக்கோவை என ஒன்றை வகுத்தனர். மழை பொய்த்தால் மாவட்டத் தலைவன் யாது செய்தல் வேண்டும், பஞ்சம் என்பதை எப்போது பிரகடனஞ் செய்தல் வேண்டும், வேலை செய்ய வல்லார்க்கு எத்தகைய வேலையும் கூலியும் அளித்தல் வேண்டும், வேலை செய்யமாட்டாத முதியோர்க்கும் நோயாளர்க்கும் உணவு எவ்வாறு கொடுத்தல் வேண்டும் என்பனவெல்லாம் அதிலே விரிவாகக் கூறப்பட்டன. அதனை வகுத்தோர் மனத்திருந்த பகை மழையின்மை ஒன்றே. போரும் பஞ்சமும் கைகோத்து வருங் காலத்தைப் பற்றி அவர்கள் எண்ணிப் பார்த்தாரல்லர்.

1943ஆம் ஆண்டில் வங்காளத்துக்கு அத்தகைய காலம் வந்தது. அப்பஞ்சத்திலும் அதனைத் தொடர்ந்த கொள்ளை நோயிலும் இறந்தோர் பதினைந்து இலட்சம் என அரசாங்க ஆணைக்குழு கூறிற்று. பிற்காலத்து ஆராய்ச்சியாளர் இருபது இலட்சத்துக்கும் முப்பது இலட்சத்துக்கும் இடைப்பட்ட எண்களைக் கூறுகின்றனர். அப்பஞ்சத்தின் வரலாற்றிலே படையினருக்கு இரண்டு இடங்களுண்டு. தொடக்கத்திலே, மக்களின் படகுகளையும் நெல்லையும் அப்புறப்படுத்தும் ஆலோசனையைக் கூறியவர்களாக அவர்கள் நிற்கின்றனர். முடிவிலே, லொறிகளில் அரிசி ஏற்றிச் சென்று ஊர் ஊராக இறக்கியவர்களாக நிற்கின்றனர். இவ்விரண்டையும் ஒருசேர நோக்கினாலன்றி, போர்க்காலத் துயர் துடைப்பிற் படையினர்க்குரிய பங்கு யாதென்பது தெளிவாகாது.

1942ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே இரங்கூன் நகர் யப்பானியர் கையில் வீழ்ந்தது. பர்மாவிலே தொழிலும் வாணிகமும் செய்து வாழ்ந்த இந்தியர் நான்கைந்து இலட்சம் பேர், அவருள்ளே தமிழரும் பலர், மலைகளையும் காடுகளையும் கடந்து கால்நடையாக இந்தியாவை நோக்கி வந்தனர். அவர்களோடு வந்த செய்தி பர்மா அரிசி இனி வாராது என்பது. இந்தியா முழுவதற்கும் வேண்டிய அரிசியோடு ஒப்பிடுமிடத்துப் பர்மா அரிசி சிறு பகுதியே. ஆயினும் அதனை நம்பியிருந்த இடங்களுக்கு அது பெரும் பகுதி. இலங்கை அவ்வாறு நம்பியிருந்த நாடு. உண்ணும் அரிசியில் அரைப்பங்குக்கு மேற்பட்டதைக் கடல் கடந்தே பெற்று வந்த இத்தீவில், 1942இலே பங்கீட்டு முறை புகுத்தப்பட்டுக் கூப்பன் அரிசி என்னுஞ் சொல் வழக்கில் வந்தமைக்குக் காரணம் இதுவே. பர்மாவை இழந்த நாடுகள் பலவும் இந்தியாவையே எதிர்நோக்கின. இந்தியாவிலோ கொடுத்தற்கு மிகுதி இருக்கவில்லை.

அவ்வாண்டு ஏப்ரில் 5ஆந் தேதி கொழும்பிலும் 9ஆந் தேதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அதே நாட்களில் யப்பானியக் கப்பற்படையின் பிறிதொரு பிரிவு வங்காள விரிகுடாவிற் புகுந்து இருபதுக்கு மேற்பட்ட வாணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. பகைவன் அடுத்து வங்காளக் கரையில் இறங்குவான் என்றே டில்லியிலும் கல்கத்தாவிலும் இருந்த அதிகாரிகள் கருதினர்.

அந்த அச்சத்திற் பிறந்ததே மறுப்புக் கொள்கை எனப்பட்ட திட்டம். வரும் பகைவனுக்கு உணவும் ஊர்தியும் கிட்டாதவாறு செய்துவிடுதல் அதன் நோக்கம். போர்க்கலையில் இது பழையதொரு முறை. நெப்போலியனுக்கு எதிராக இரசியர் கைக்கொண்டதும் இதுவே. வங்காளத்தில் இது இரு வகையாய் நடைபெற்றது. ஒன்று, கரையோர மாவட்டங்களிலே மிகுதி எனக் கருதப்பட்ட நெல்லையும் அரிசியையும் முகவர் மூலம் வாங்கி அகற்றுதல். மற்றொன்று, பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளையெல்லாம் கைப்பற்றுதல் அல்லது அழித்தல்.

நெல்லை அகற்றியதால் நேர்ந்த குறை அளவிற் பெரிதன்று. ஏறக்குறைய நாற்பதினாயிரந் தொன் என்பர். அரசாங்கமே அவசர அவசரமாக அரிசி வாங்குகின்றது என்ற செய்தி சந்தையிலே பரவியதுதான் பெருந்தீங்கு. வணிகர் பதுக்கத் தொடங்கினர். வசதியுள்ள குடியானவர் விற்க மறுத்தனர். படகு விஷயம் இதனினும் கொடிது. கங்கையும் பிரமபுத்திராவும் கடலொடு கலக்கும் அந்நிலத்திலே ஆறுதான் தெரு; படகுதான் வண்டி. உழவன் ஆற்றிடைத் திட்டுக்களிலுள்ள தன் வயலுக்குப் படகிலேதான் செல்வான். குயவன் தன் பானைகளையும், வணிகன் தன் நெல்லையும் படகிலேதான் சந்தைக்கு அனுப்புவர். மீனவனுக்கு அதுவே முதல். அப்பகுதியிற் பதிவு செய்யப்பட்டிருந்த 66,500க்கு மேற்பட்ட படகுகளிலே சற்றேறக்குறைய 46,000 படகுகள் 1942ஆம் ஆண்டிறுதிக்குள் மக்கள் கைவிட்டுப் போயின. கிழக்கு வங்காளத்தாரின் படகுகளைப் பறித்தல் உடம்பின் உறுப்புக்களை வெட்டுதலை ஒக்கும் என்று காந்தியடிகள் அவ்வாண்டு மே மாதத்திலேயே தமது இதழில் எழுதி எச்சரித்தார். உரிமையாளர்க்கு நட்டஈடு கொடுக்கப்பட்டது உண்மையே. ஆயினும் படகோட்டிப் பிழைப்பவன் படகின் உரிமையாளனாய் இருத்தல் வேண்டுமென்ற நியதியில்லை. நட்டஈட்டுப் பணம் எத்தனை நாட்களுக்குப் போதும் என்பதும் வேறு கேள்வி.

இக்கொள்கை நடைபெற்ற காலத்தில் இந்தியாவின் பிரதம சேனாதிபதியாய் இருந்தவர் ஆர்ச்சிபால்டு வேவல். அப்பெயர் பின்னரும் வரும்.

ஒக்டோபர் 16ஆந் தேதி மிட்னாப்பூர் மாவட்டத்தைப் பெரும் புயல் தாக்கிற்று. கடல் பொங்கி ஊர்களுக்குள்ளே புகுந்தது. பதினாலாயிரத்து ஐந்நூறு மக்களும் ஓரிலட்சத்துத் தொண்ணூறாயிரம் மாடுகளும் மாண்டதாக அரசாங்க அறிக்கை கூறும். அறுவடைக்கு நின்ற மாரி நெல் உப்பு நீரில் அழிந்தது. தப்பிய வயல்களிற் பயிர்நோய் பரவிற்று. அங்கே படையினர் இல்லாமலில்லை. ஆகஸ்டு மாதத்தில் எழுந்த 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தை ஒடுக்குதற்காக அவர்கள் முன்னரே வந்திருந்தனர். புயலடித்த செய்தி யப்பானியருக்குப் பயன்படலாமென்ற காரணத்தாற் பதினைந்து நாள் வரை பத்திரிகைகளில் வெளிவரவில்லை. வெளியிலிருந்து உதவி செல்வதற்குப் படகுகளும் இல்லை. நிதி மந்திரியாயிருந்த சியாமா பிரசாத் முக்கர்ஜி நவம்பரிற் பதவி துறந்தபோது கூறிய காரணங்களுள் மிட்னாப்பூரில் அரசாங்கம் நடந்துகொண்ட முறையும் ஒன்று. துயருற்ற ஊரிலே ஆயுதந் தாங்கியவன் நிற்பதொன்றே உதவியாகிவிடாது என்பதற்கு மிட்னாப்பூர் நல்ல சான்று.

அதன்பின் விலை ஏறிய வேகம் திகைக்கத்தக்கது. கல்கத்தாவில் ஒரு மணங்கு, அஃதாவது எண்பத்திரண்டு இறாத்தல் அரிசி, 1942 டிசெம்பரிற் பதின்மூன்று அல்லது பதினான்கு ரூபா. 1943 மார்ச்சில் இருபத்தொரு ரூபா. மே மாதத்தில் முப்பது ரூபாவுக்கு மேல். ஆகஸ்டில் முப்பத்தேழு ரூபா. நாட்கூலி பெறும் உழைப்பாளியின் கூலி இவ்வாறு ஏறவில்லை. போர்த் தளவாடங்கள் செய்யும் ஆலைத் தொழிலாளர்க்கும் அரசாங்க ஊழியர்க்கும் குறைந்த விலையில் அரிசி கிடைக்க ஏற்பாடு இருந்தது. விமானத் தளங்கள், தெருக்கள், பாசறைகள் அமைப்பதற்காக அரசாங்கம் பணத்தை அச்சிட்டுக் கொட்டிற்று. அப்பணம் யாரிடம் சென்றதோ அவர்கள் அரிசியை வாங்கினர். சென்றடையாத ஊர்களிலே மக்கள் முதலிற் பாத்திரங்களை விற்றனர், பின்னர் மாடுகளை விற்றனர், பின்னர் நிலத்தை விற்றனர், ஈற்றிற் கல்கத்தாவை நோக்கி நடந்தனர்.

இப்பஞ்சத்தைப் பின்னாளில் ஆராய்ந்த அமர்த்தியா சென், நாட்டில் இருந்த உணவின் அளவைக் காட்டிலும் அதனை வாங்கும் வலிமையை மக்கள் இழந்தமையே முதற் காரணம் என 1981இல் வெளிவந்த தமது நூலில் வாதித்தார். உணவுக் குறையே பெரிதெனக் கூறி அவரை மறுத்தோரும் உளர். அவ்வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. எவ்வாறாயினும், படை நிறைந்திருந்த மாகாணம் ஒன்றிலேயே இது நடந்தது. பர்மாப் போர்முனைக்குச் செல்லும் புகையிரதங்கள் பஞ்சம் மிக்க ஊர்கள் வழியாகவே சென்றன. பிரித்தானியப் படைவீரரும் ஓவியருமான கிளைவ் பிரான்சன் என்பவர், வண்டித் தொடர் நின்ற இடமெல்லாம் மக்கள் கையேந்தி நின்றதைத் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களில் விவரித்தார். 1944 பெப்ரவரியில் அவர் அரக்கான் போரில் இறந்தார். அவ்வாண்டே அக்கடிதங்கள் நூலாயின.

பத்திரிகைகளும் நெடுநாள் வாய்மூடியிருந்தன. ஆகஸ்டு 22ஆந் தேதி கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை, ஆங்கிலேயர் நடத்திய அப்பத்திரிகைதான், தெருவில் மடிவோரின் நிழற்படங்களை வெளியிட்டது. அதன் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் தணிக்கை விதிகளை நுணுகி ஆராய்ந்து, அவற்றில் நிழற்படத்துக்குத் தடையில்லை எனக் கண்டு அவ்வாறு செய்தார். அப்படங்கள் உலகெங்குஞ் சென்றன. ஆயினும் மாகாண மந்திரிசபை பஞ்சத்தைப் பிரகடனஞ் செய்யவில்லை. பிரகடனஞ் செய்தால், சட்டக்கோவை விதிக்கும் அளவு உணவை ஒவ்வொருவர்க்கும் அளித்தாக வேண்டும். அவ்வளவு உணவு கையில் இல்லை என்பது கூறப்பட்ட காரணம். அறுபதாண்டுக்கு மேலாகக் காத்து வைத்த சட்டம் வேண்டிய வேளையில் அலுமாரியிலேயே கிடந்தது. இராசப்பிரதிநிதி லின்லித்கோ பிரபு தம் பதவிக்காலம் முடியும் வரை பஞ்சம் பீடித்த வங்காளத்தை ஒருமுறையேனும் சென்று பார்க்கவில்லை.

ஒக்டோபர் 20ஆந் தேதி புதிய இராசப்பிரதிநிதி பதவியேற்றார். அவர் வேறு எவருமல்லர். முன்னாட் பிரதம சேனாதிபதி வேவல் பிரபுவே. ஒரு வாரத்துக்குள் அவர் கல்கத்தாவில் இருந்தார். இரவிலே தெருக்களிற் சென்று, நடைபாதையிற் படுத்துறங்குவோரையும் படுத்தபடியே இறப்போரையும் நேரிற் கண்டார். புயல் அழித்த மிட்னாப்பூரின் காந்தாய்ப் பகுதிக்குஞ் சென்றார். மந்திரிகளைக் கூட்டிப் பேசியபின் இரண்டு செயல்களை அவர் வற்புறுத்தினார். கல்கத்தாத் தெருக்களிற் கிடந்த ஏறத்தாழ ஓரிலட்சம் ஏதிலிகளை நகருக்கு வெளியே முகாம்களில் வைத்து உணவும் மருந்தும் அளித்தல் ஒன்று. ஊர்ப்புறங்களுக்கு உணவைக் கொண்டு செல்லும் வேலையிற் படையினரை ஈடுபடுத்தல் மற்றொன்று.

நவம்பர் தொடக்கம் முதற் படையினரின் உதவி முழுமையாய் நடைபெறலாயிற்று. மேஜர் ஜெனரல் தரத்து அதிகாரி ஒருவர் அதற்குப் பொறுப்பாக அமர்த்தப்பட்டார். பஞ்சாபிலிருந்தும் பிற மாகாணங்களிலிருந்தும் தானியம் கல்கத்தாவுக்கு வந்து குவிந்துகொண்டிருந்தது. குவிந்ததை அங்கிருந்து அசைப்பாரில்லை. சிப்பூரிலுள்ள தாவரவியற் பூங்காவிலே திறந்த வெளியில் அடுக்கப்பட்டு மழையிற் கெட்டுப்போன மூட்டைகளைப் பற்றி அக்காலத்தில் எல்லாரும் பேசினர். படையினர் புகையிரத நிலையங்களிலும் படகுத்துறைகளிலும் மூட்டைகளை இறக்கி, லொறிகளில் ஏற்றி, லொறி செல்லக்கூடிய இடம் வரை கொண்டு சென்றனர். லொறி செல்லாத இடத்துக்குப் பாதையைச் செப்பனிட்டனர். களஞ்சியங்களுக்குக் காவல் நின்றனர். எத்தனை மூட்டை வந்தது, எத்தனை மூட்டை போனது என்னுங் கணக்கை நாள்தோறும் எழுதினர். இக்கடைசி வேலை சிறிதெனத் தோன்றலாம். அதுவரை மாகாண உணவுத் திணைக்களத்தாரால் அதனை ஒழுங்காய்ச் செய்ய இயலவில்லை என்பதை நினைத்தல் வேண்டும்.

மருத்துவ உதவி இதனினும் முக்கியமானது. பட்டினியால் மெலிந்த உடம்பிலே வாந்திபேதியும் மலேரியாவும் வைசூரியும் எளிதிற் பற்றின. ஒக்டோபர், நவம்பரில் வாந்திபேதி உச்சத்தை அடைந்தது, அதன்பின் மலேரியா. இலங்கையில் 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளிற் பரவிய மலேரியா ஏறக்குறைய எண்பதினாயிரம் பேரைக் கொண்டு சென்ற கதையை அறிந்தோர், வங்காளத்தில் அந்நோய் செய்த அழிவை ஒருவாறு உணரக்கூடும். உலகுக்கெல்லாம் கொயினா மருந்து அளித்து வந்த யாவாத் தீவு யப்பானியர் கையிலிருந்தது. எனவே மருந்தும் அரிதாயிற்று. இராணுவ வைத்தியர்கள் ஊர்ப்புறங்களில் அவசர வைத்தியசாலைகளைத் திறந்தனர். நடமாடும் வைத்தியக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று பல்லாயிரவர்க்கு ஊசி போட்டன. அவர்களிடம் கூடாரமும் கட்டிலும் மருந்தும் ஊர்தியும் ஒருங்கே இருந்தன. மாகாண வைத்தியப் பகுதியினரிடம் இந்நான்கில் ஒன்று இருந்த இடத்தில் மற்ற மூன்று இல்லை.

படையினரால் இயலாதனவும் இருந்தன. ஊரில் யாருக்கு உணவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது, மொழியுந் தெரியாது. பட்டியல் எழுதுவோர் ஊர் மன்றத்தாரே. அவர்கள் நேர்மையுடையோராயின் உணவு ஏழையைச் சேரும்; இல்லையேல் கடைக்காரனைச் சேரும். மேலும், அரிசியைக் கடைவாயில் வரைக்குங் கொண்டு செல்லலாம்; வாங்குதற்குப் பணத்தைக் கையில் வைக்க லொறியால் இயலாது. கஞ்சித்தொட்டிகளிற் கிடைத்த நீர்க்கஞ்சி உயிரை ஓரிரு வாரம் நிறுத்தி வைத்ததேயன்றிப் பலரைக் காக்கவில்லை. 1943 மாரி அறுவடை மிகச் சிறப்பாய் விளைந்தது. அந்நெல் வயலில் முற்றி நின்ற டிசெம்பர் மாதத்திலேதான் இறப்பு எல்லா மாதங்களிலும் மிகுந்து காணப்பட்டது.

படையினர் வந்து மூன்று மாதத்துக்குள், 1944 சனவரி 31ஆந் தேதி, கல்கத்தாவிற் பங்கீட்டு முறை தொடங்கிற்று. புதிய தேசாதிபதியாக ரிச்சர்ட் கேசி வந்து சேர்ந்தார். நிருவாகம் மெல்ல மெல்லத் தன் காலில் நிற்கத் தொடங்கியது.

ஒக்டோபர் இறுதியில் இயன்றது ஆகஸ்டிலே ஏன் இயலவில்லை? லொறிகள் ஆகஸ்டிலும் இருந்தன. வைத்தியர்களும் இருந்தனர். 1943 யூனில் வேவலுக்குப் பின் பிரதம சேனாதிபதியாக வந்த ஒக்கின்லெக், இந்தியாவுக்கு உணவு அனுப்புதல் போர்க்கருவி அனுப்புதலினும் தாழ்ந்ததன்று என்ற கருத்துடையவர். தம் பின்னணி நாடு பட்டினியால் மடிந்தால் முன்னணியிற் போர் நடவாது என்பதை அவர் அறிவார். குறை வேறிடத்தில் இருந்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி உணவும் நிவாரணமும் மாகாணத்தின் பொறுப்பு. மாகாண மந்திரிசபை, முதலிற் பஸ்லுல் ஹக்கின் தலைமையிலும் 1943 ஏப்ரில் முதல் நாசிமுத்தீனின் தலைமையிலும், தட்டுப்பாடு இல்லை, பதுக்கலே உண்டு என்று கூறிக்கொண்டிருந்தது. டில்லி, மாகாணத்தின் உரிமையிற் கைவைக்கத் தயங்கிற்று. இலண்டனோ கப்பல் இல்லை என்றது. அவ்வாண்டு கோடையில் இந்திய அரசாங்கம் ஐந்து இலட்சம் தொன் தானியங் கேட்டபோது போர் மந்திரிசபை அதிற் சிறு பகுதிக்கே இசைந்தது. படை என்பது அழைத்தால் வரும். அழையாமல் வருதல் முறையுமன்று, நன்றுமன்று. அழைக்க வேண்டியவர்கள் அழைக்கவில்லை. வேவல் அழைத்தமைக்குக் காரணம் அவரிடம் புதிய அதிகாரம் ஏதும் இருந்தமையன்று. லின்லித்கோவுக்கு இருந்த அதிகாரமே அவருக்கும் இருந்தது. அவர் போய்ப் பார்த்தார். படையினரால் என்ன இயலும் என்பதையும் படைத்தலைவராய் இருந்தமையால் அறிந்திருந்தார்.

அவரே பிரதம சேனாதிபதியாயிருந்த நாளிற் படகுகள் போயின என்பதை அவர் எவ்வளவு தூரம் எண்ணிப் பார்த்தாரோ தெரியாது. பின்னாளில் வெளியான அவரது நாட்குறிப்பிலே இலண்டன் மந்திரிசபையின் பாராமுகத்தைப் பற்றிய கசப்பு மிகுதியாகக் காணப்படுகின்றது. 1944 முழுவதும் அவர் தானியக் கப்பல்களுக்காகப் போராடினார். ஏப்ரில் 14ஆந் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பலொன்று வெடித்து அங்கிருந்த தானியமும் எரிந்தபோது நிலைமை மேலும் முறுகிற்று. அம்மாத இறுதியிற் சேர்ச்சில் அமெரிக்க சனாதிபதி ரூஸ்வெல்ட்டிடம் கப்பல் கேட்டு எழுதினார். யூன் முதல் நாள் இயலாதென மறுமொழி வந்தது. அக்காலத்திலே தென்கிழக்காசியப் போர்த் தலைமைப்பீடம் மவுண்ட்பேட்டன் பிரபுவின் கீழ் டில்லியிலிருந்து கண்டிக்குப் பெயர்ந்து பேராதனைத் தாவரவியற் பூங்காவில் அமர்ந்திருந்தது. இந்தியாவுக்குத் தானியம் வேண்டுமென்பதில் மவுண்ட்பேட்டனும் ஒக்கின்லெக்கும் வேவலோடு ஒத்து நின்றனர். போர்க்கப்பல்களையும் சரக்குக் கப்பல்களையும் ஒவ்வொன்றாய் எண்ணிக் கொண்டிருந்த படைத்தலைவர்களே உணவுக்கு இடம் விடச் சம்மதிக்க, போர்க்களத்துக்கு வெகுதூரம் அப்பாலிருந்த மந்திரிகள் தயங்கினர் என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

வங்காளத்தில் வைத்தியர் பெற்ற அனுபவம் வேறொரு கண்டத்திலும் பயன்பட்டது. 1945 ஏப்ரில் 15ஆந் தேதி பிரித்தானியப் படையினர் செருமனியிலுள்ள பெல்சன் சிறைமுகாமை அடைந்தபோது, ஏறத்தாழ அறுபதினாயிரம் பேர் பட்டினியாலும் நச்சுக்காய்ச்சலாலும் மடிந்துகொண்டிருந்ததைக் கண்டனர். அங்கு முதலிற் கொடுக்கப்பட்ட உணவுகளுள் ஒன்றுக்கு 'வங்கப் பஞ்சக் கலவை' என்று பெயர். உலர்ந்த பாலும் மாவும் சர்க்கரையும் உப்பும் நீரிற் கரைத்தது அது. வங்காளத்தவர்க்கு ஏற்ற அவ்வினிப்பு ஐரோப்பியர்க்கு ஒவ்வவில்லை. பலரால் உண்ண முடியவில்லை. படையினரின் வழக்கமான உணவை உண்டவர்களின் குடல் அதனைத் தாங்கமாட்டாது பலர் இறந்தனர். விடுதலை பெற்ற பின்னரும் பதின்மூவாயிரவர்க்கு மேற்பட்டோர் அங்கே மாண்டனர். பட்டினி கிடந்தவனுக்கு உணவு கொடுத்தலும் கற்று அறிய வேண்டிய தொழில் என்பதைப் படை வைத்தியர்கள் இவ்வாறு அறிந்தனர்.

வங்கக் கழிமுகத்துக்கும் படையினருக்குமுள்ள தொடர்பு 1943உடன் முடிந்துவிடவில்லை. 1970 நவம்பரிலே அதே நிலத்தைப் புயல் தாக்கி மூன்று இலட்சம் பேரளவில் மாண்டபோது, பாக்கித்தான் இராணுவ அரசாங்கம் மெத்தனமாய் நடந்தது என்ற ஆத்திரம் அடுத்த மாதத் தேர்தலிலும் அடுத்த ஆண்டு நாட்டின் பிரிவினையிலும் எதிரொலித்தது. 1991 ஏப்ரில் 29ஆந் தேதி புயலில் ஓரிலட்சத்து முப்பத்தெண்ணாயிரம் பேருக்கு மேல் இறந்தனர். அப்போது வளைகுடாப் போர் முடிந்து திரும்பிக்கொண்டிருந்த அமெரிக்கக் கடற்படைப் பிரிவொன்று வங்காளதேச அரசாங்கத்தின் வேண்டுகோளின்பேரில் வந்து நீரும் உணவும் கொடுத்தது. வீரர் பெரும்பாலும் கப்பலிலேயே தங்கினர். கரையில் யாருக்கு என்ன கொடுப்பதென்பதை அந்நாட்டு அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் முடிவு செய்தன. துயர் துடைப்பிற் படையினரை வேறு வழியில்லாதபோதே அழைத்தல் வேண்டும், பொறுப்புக் குடிநிருவாகத்தாரிடமே இருத்தல் வேண்டும் என்னும் நெறிகள் 1994இல் ஒஸ்லோவில் வகுக்கப்பட்டன.

1943 பற்றிய ஆணைக்குழுவுக்குத் தலைவராயிருந்தவர் சேர் யோன் வுட்ஹெட். அதன் உறுப்பினருள் ஒருவர், நீலகிரியிலுள்ள குன்னூரில் உணவு ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த அய்க்ரொயிட் என்பவர். பதினைந்து இலட்சம் என்ற கணக்கு பெரும்பாலும் அவருடைய வேலை. அக்கணக்குக் குறைவானதென்று 1974இல் வெளிவந்த தமது நூலில் அவரே ஒப்புக்கொண்டார். ஊர்களில் இறப்பைப் பதிவு செய்து அறிவிக்கவேண்டிய ஊர்க்காவலர் பலர் தாமே இறந்தோ ஊரை விட்டுப் போயோ இருந்தனர்.

பஞ்சம் தணிந்தபின், பேராசிரியர் மகலனோபிசுவின் புள்ளிவிவர நிலையத்தார் 386 ஊர்களிலே பதினையாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களைக் கண்டு விசாரித்தனர். எந்தத் தொழில் செய்தோர் எந்த அளவுக்கு நொடிந்தனர் என்பது அவர்கள் கேட்ட கேள்விகளுள் ஒன்று. நிலமுடைய உழவர் ஒருவாறு தாங்கிக்கொண்டிருந்தனர். கதியற்ற நிலைக்கு வந்தோருள் முன்வரிசையிற் காணப்பட்டோர், நிலமில்லாத கூலிகளோடு, மீன்பிடித்துப் பிழைத்தவர்களும் போக்குவரவுத் தொழிலாற் பிழைத்தவர்களுமே.